பதிமூண்டு பேர், பதினேழு புட்டுப் பார்சல்

ஜேர்மனியிலை ரக்பி லீக் விளையாடுறவன் பந்தில்லாமல் வெளிக்கிட்டாலும் வெளிக்கிடலாம், விளக்கமில்லாமல் வெளிக்கிட ஏலாது.

முதல்லை ரக்பி எண்டால் என்ன எண்டு சொல்லோணும். அதைக் கேட்டு முடிச்ச ஆள், "ஓ, அந்தப் பதினைஞ்சு பேர் விளையாடுறதோ?" எண்டு கேப்பார். இல்லை, இது பதிமூண்டு பேர் விளையாடுறது எண்டு திரும்ப முதல்லை இருந்து தொடங்கோணும். முட்டை மாதிரி ஒரு பந்து. அதைக் கையிலை வைச்சுக்கொண்டு ஓடோணும். எதிர்ப்பக்கத்து ஆக்கள் பிடிச்சு விழுத்துவினம். விழுந்தவன் எழும்பி, பந்தை நிலத்திலை வைச்சுக் காலாலை பின்னுக்குத் தள்ளிவிடோணும். இப்பிடி ஆறு பிடி. ஆறாவது பிடியோடை பந்து மற்றப் பக்கத்துக்குப் போயிடும். அவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ளை முன்னாலை நிக்கிறவற்றை பஸ் வந்திடும். ஆருக்கும் விளங்காத தொழில் பாக்கிற சகோதர சகோதரியளே, உங்களுக்கு என்ரை கஷ்டம் தெரியும்.

இருபது வயசிலை ஹம்பேர்க்கிலை ஒரு கிளப்பிலை தொடங்கினன். இடையிலை மூண்டு வருசம் இங்கிலாந்திலை, வடக்குப் பக்கம் ஒரு சின்ன ஊரிலை, கொன்ராக்டிலை சம்பளத்துக்கு விளையாடினன். பிறகு திரும்பி வந்து பழைய கிளப்பிலையே விளையாடிக்கொண்டு, பகலிலை துறைமுகத்துக் களஞ்சியம் ஒண்டிலை வேலையும் பாக்கிறன். எல்லாமாப் பதினைஞ்சு வருசம். இந்தப் பதினைஞ்சு வருசத்திலை அம்மா ஒரு மட்ச் கூட வந்து பாக்கேல்லை. எங்கடை வீட்டிலை இருந்து மைதானத்துக்கு எஸ்பான் ரயிலிலை நாலே நாலு ஸ்ரேசன். போன வருசம் முழங்கால் "இனிக் காணும், விடு ராசா" எண்டு சொல்லத் தொடங்கினவுடனை எனக்கு ஒரேயொரு ஆசைதான் மிச்சம் இருந்தது. நான் விளையாட்டை விட முந்தி அம்மா ஒருக்கால் வந்து பாக்கோணும்.

என்ன எண்டு பதியிறது?

இங்கிலாந்திலை இருந்து திரும்பி வந்த கையோடை வேலை தேடிப் பதிய வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனன். டெர்மின் எண்டு முன்கூட்டியே நேரம் குறிச்சு எடுத்து, ஜேர்மன்காரருக்கே வெக்கம் வாற அளவுக்கு நேரத்துக்கு முந்திப் போய் இருந்தன். அலுவலகத்திலை இருந்த அம்மணி நல்ல மனிசி. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கொண்டு கம்பியூட்டரிலை தேடினா. உதைபந்து இருக்கு. ஐஸ் ஹொக்கி இருக்கு. குதிரை ஓட்டுறது, பனியிலை சறுக்கிறது, சேர்க்கஸிலை கயித்திலை நடக்கிறது கூட இருக்கு. என்ரை தொழில் மட்டும் இல்லை.

"மூண்டு வருசமா அங்கை சரியா என்னதான் செய்தனீங்கள்?" எண்டு கேட்டா. பந்தோடை ஓடினன், பந்தோடை ஓடி வாற ஆக்களைப் பிடிச்சு விழுத்தினன் எண்டு உள்ளதைச் சொன்னன். பொலிஸிலை இருந்தனீங்களோ எண்டா. இல்லை எண்டன். திரும்பவும் கம்பியூட்டரைத் தட்டிப்போட்டு, திடீரெண்டு முகமெல்லாம் சந்தோசமாய்ச் சொன்னா:

"'மற்ற உடல் உழைப்பு' எண்டு ஒண்டு கிடக்கு. வீடு மாறுறவைக்கு அலுமாரி தூக்கிறவையை அதுக்குள்ளைதான் போடுறனாங்கள். உங்களையும் அதிலை போட்டுவிடட்டோ?"

காது

ரக்பி விளையாடுற எங்கடை ஆக்களை முகத்தை வைச்சு இல்லை, காதை வைச்சுத்தான் கண்டுபிடிக்கலாம். ஆக்களின்ரை இடுப்பிலையும் தோளிலையும் உரசி உரசிக் காது வீங்கி, கடைசியிலை பொரிச்ச அப்பளம் மாதிரி மடங்கிப்போய் அப்பிடியே நிண்டிடும். அதுக்கு மருந்தும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

அம்மா வெளியிலை ஆரும் கேட்டால் "மகன் விளையாட்டு வாத்தியார்" எண்டுதான் சொல்லுவா. அந்தப் பொய்யைக் காது காட்டிக் குடுத்திடும். ஒரு கலியாண வீட்டிலை, பட்டு வேட்டியும் கட்டி, நெத்தியிலை சந்தனமும் வைச்சுக்கொண்டு பந்தியிலை இருக்கிறன். முதல்நாள் மட்சிலை கண்ணும் கறுத்துப்போய்க் கிடக்கு. ஸ்ரேசனடியிலை தமிழ்க் கடை வைச்சிருக்கிற அக்கா எனக்கு நேர் எதிரிலை வந்து இருந்தா. கண்ணைப் பாத்தா. காதைப் பாத்தா. வடையைப் பிய்ச்சுக்கொண்டே, "தம்பி, ஆரோடை பிரச்சினை?" எண்டு மெதுவாக் கேட்டா. பிரச்சினை ஒண்டும் இல்லை அக்கா, விளையாட்டிலை பட்டது எண்டன். "அப்ப வெண்டனீங்களோ?" எண்டா. இல்லை அக்கா, தோத்துப்போனம் எண்டன். அக்கா வடையைக் கீழை வைச்சிட்டா.

"அட கடவுளே, காதும் போய் விளையாட்டும் போச்சோ?"

வயித்திலை ஒரு கால்

உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பேப்பரிலை கால் பட்டாலே தொட்டுக் கண்ணிலை ஒத்துற சனம் நாங்கள். ஆளிலை பட்டால் கேக்கவோ வேணும்? அம்மா என்னை நடக்கப் பழக்கின கையோடை அதையும் பழக்கிப்போட்டா.

என்ரை முதலாவது மட்ச். பந்து கையிலை. முன்னாலை ஒரு மொத்தமான மனிசன் வழுக்கி விழுந்து மல்லாக்கக் கிடக்கிறான். நான் ஓடின வேகத்திலை அவன்ரை வயித்திலை ஒரு கால் வைச்சுத் தாண்டிப் போட்டன். முன்னுக்கு ஒருத்தரும் இல்லை, வெறும் புல்லு. நான் என்ன செய்தன் தெரியுமோ? திரும்பி வந்தன். வந்து, குனிஞ்சு, அவன்ரை வயித்தைத் தொட்டு என்ரை ரெண்டு கண்ணிலையும் ஒத்தினன். அதுக்குள்ளை ரெண்டு பேர் வந்து என்னை இடிச்சு விழுத்திப் பந்தும் போச்சு. கீழை கிடந்த மனிசன், தனக்கு ஏதோ பாரதூரமா நடந்திட்டுது, அதுதான் நான் செபம் சொல்லுறன் எண்டு பயந்துபோய், எழும்பமாட்டன் எண்டு படுத்திட்டான். அவனைத் தூக்க மருத்துவரே ஓடி வந்தவர்.

எங்கடை பயிற்சியாளர் பீற்றர், இங்கிலாந்துக்காரர், கோவம் வந்தால் காது மட்டும் சிவக்கும். இனி ஒவ்வொரு முறை தொட்டுக் கும்பிடேக்கையும் பத்துத் தண்டால் எண்டு சட்டம் போட்டார். அந்த வருசம் என்ரை நெஞ்சு ரெண்டு அங்குலம் அகலிச்சது. மெல்ல மெல்லக் கை நிண்டிட்டுது. மனம் மட்டும் இண்டைக்கும் ஒவ்வொருத்தரையும் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டுதான் ஓடுது. அந்த முதல் மட்ச் அண்டைக்குப் பீற்றர் என்ரை தோளிலை கை போட்டுச் சொன்னது ஞாபகம்:

"அவனைக் கடவுள் பாத்துக்கொள்ளுவார் மகனே, நீ பந்தைப் பார்."

பார்சல்

மட்சுக்கு முந்தி மற்றவை மாச்சத்து எண்டு வெறும் பாஸ்ராவை உப்புமில்லாமல் புளியுமில்லாமல் விழுங்குவினம். நான் அம்மா கட்டித் தந்த புட்டும் முட்டைப் பொரியலும் சம்பலும். ஒருநாள் யென்ஸ் எண்ட என்ரை கூட்டாளி, ரெண்டு மீற்றர் உயரம், கதவைத் திறக்காமலே கதவாலை வரக்கூடிய ஆள், "ஒரு வாய் தா" எண்டான். குடுத்தன். அடுத்த கிழமை ரெண்டு வாய் கேட்டான். அதுக்கடுத்த கிழமை என்ரை சாப்பாட்டை முழுக்கத் திண்டிட்டான், நான் பசியோடை விளையாடினன்.

அம்மாவிட்டைச் சொன்னன். அம்மா ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையிலை வேலை. எழுபது பேருக்கு ஒரே தரத்திலை சமைக்கிற மனிசிக்கு இது ஒரு பெரிய வேலையோ? "உங்கடை ரீமிலை எத்தினை பேர்?" எண்டா. பதிமூண்டு எண்டன். "மாத்துறதுக்கு வெளியிலை இருக்கிறவை?" எண்டா. நாலு எண்டன். அடுத்த சனிக்கிழமை வாசலிலை பதினேழு பார்சல். உறைப்பு இல்லாதது எண்டு மூண்டிலை தனிய அடையாளமும் போட்டிருந்தா. பீற்றரும் என்ரை பார்சலிலை பங்கு எடுத்து ரெண்டு கையாலையும் சாப்பிட்டார். அண்டையிலை இருந்து உள்ளூர் மட்ச் ஒவ்வொண்டுக்கும் பதினேழு பார்சல் வரும். அம்மா மட்டும் வரமாட்டா. வருசக்கணக்கா இதைச் சாப்பிட்ட யென்ஸ் ஒருநாள் வாய் நிறையப் புட்டோடை கேட்டான்:

"உண்மையைச் சொல்லு, உனக்கு அம்மா எண்டு ஒரு ஆள் இருக்கிறாவோ, இல்லாட்டி இதைக் கடையிலை வாங்கிக்கொண்டு வந்து புளுகுறியோ?"

மூண்டு பேர்

இதிலை பகிடி இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கோ.

ஒரு மட்சிலை மூண்டு பேர் சேந்து என்னை அமத்தினதிலை காறை எலும்பு முறிஞ்சுது. ஆஸ்பத்திரிக்கு அம்மா வேலை உடுப்போடை ஓடி வந்தா. எனக்கு நோவிலை வாய்க்கொழுப்பு. "ஒருக்கால் வந்து பாத்திருந்தால் தெரியும் அம்மா, நாங்கள் எவ்வளவு கவனமா விளையாடுறம் எண்டு. மற்றப் பெடியளின்ரை தாய் தேப்பன் எல்லாரும் வருகினம். உங்களுக்கு மட்டும் என்ன?" எண்டு கேட்டுப்போட்டன்.

அம்மா என்ரை போர்வையைச் சரி செய்துகொண்டே சொன்னா. குரல் உயரேல்லை, அழவும் இல்லை. அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தவர், ஊரிலை சண்டை நேரம் செத்தவர், அவற்றை படம் எங்கடை சாமி அறையிலை இருக்கு, அவ்வளவுதான் எனக்கு அதுவரைக்கும் தெரியும். அண்டைக்குப் பிறகு நான் அவவை மட்சுக்குக் கூப்பிடுறதை விட்டிட்டன். எனக்கு என்னிலையே வெக்கமாய் இருந்தது.

"என்ரை தம்பியை மூண்டு பேர் பிடிச்சு வீட்டு முத்தத்திலை குப்புறப் போட்டு அமத்தினதை நான் கதவடியிலை நிண்டு பாத்தனான். பிடிச்சவங்கள் விடேல்லை. அதை இன்னொருக்கால் கதிரை போட்டு இருந்து பாக்க என்னாலை ஏலாது, மோனை."

டார்ம்ஸ்டாட்டிலை ஒரு ரசிகர்

போன வருசம் டார்ம்ஸ்டாட்டிலை மட்ச். எங்கடை மட்சுக்கு வாற சனத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம், அவ்வளவுதான் வரும். அண்டைக்கு மட்டும் கோட்டோரத்திலை நிண்டு ஒருத்தர் "பிடி! விடாத! அமுக்கு!" எண்டு தொண்டை கிழியத் தமிழிலை கத்திறார். எனக்கு விசர் பிடிச்சிட்டுதோ எண்டு நினைச்சன்.

முடிஞ்சாப்போலை போய்க் கதைச்சன். திருச்சிக்காரர், அங்கத்தைப் பல்கலைக்கழகத்திலை ஆராய்ச்சி. "லேப்ல இருந்து சும்மா ஒரு வாக் வந்தேன் ப்ரோ, செம்ம கேம் ப்ரோ!" எண்டு என்ரை சேத்துக் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். நான் வழக்கம்போலை தொண்டையைச் செருமிக்கொண்டு, இது பதினைஞ்சு பேர் விளையாடுறது இல்லை, பதிமூண்டு பேர், ஆறு பிடி எண்டு தொடங்கினன். அவர் கையைக் காட்டி நிப்பாட்டினார்.

"இதுக்கு எதுக்கு ப்ரோ இவ்ளோ எக்ஸ்ப்ளனேஷன்? கையில பந்தோட கபடி, அவ்ளோதானே!"

சட்டம்

வீட்டை வந்து அம்மாவிட்டை இதைப் பகிடியாச் சொன்னன். அம்மா பள்ளிக்கூடத்திலை படிக்கேக்கை அண்ணன்மாரின்ரை கபடிக்கு மதிலிலை ஏறி நிண்டு கத்தினவவாம். அது எனக்குத் தெரியாது. வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டவ கத்தியை வைச்சிட்டு, "கபடியிலை கோட்டைத் தொட்டால் சரி. உதிலை பிடிச்சாப் பிறகு என்ன நடக்கும்?" எண்டு கேட்டா. பதினைஞ்சு வருசத்திலை முதல் தரமா அம்மா என்ரை விளையாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டா.

"பிடிச்சு விழுத்தினவுடனை நடுவர் சொல்லுவார் அம்மா, விடு எண்டு. விடோணும். விட்டு விலகி நிண்டு, விழுந்தவனை எழும்ப விடோணும். அவன் எழும்பித்தான் திரும்ப ஆட்டம் தொடங்கும்" எண்டன். "விடாட்டில்?" எண்டா. விடாட்டில் நடுவர் விசில் ஊதித் தண்டிப்பார், திரும்பத் திரும்பச் செய்தால் வெளியிலை அனுப்புவார் எண்டன். அம்மா திரும்பக் கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தை வெட்டினா. கண்ணீர் வெங்காயத்தாலையோ என்னவோ, நான் கேக்கேல்லை.

"பிடிச்சவன் விடோணும் எண்டு சட்டமே இருக்கோ? அப்ப வாறன்."

அம்மா வந்தா

என்ரை கடைசி மட்ச், ஹம்பேர்க்கிலை, வழக்கமான தூறல். அம்மா மடக்குக் கதிரை, குடை, ரெண்டு பெரிய பை நிறையப் பதினேழு பார்சலோடை எஸ்பானிலை வந்து இறங்கினா. யென்ஸ் ஓடிப்போய்ப் பையைத் தூக்கி, "இருக்கிறா! உண்மையிலை இருக்கிறா!" எண்டு ரீம் முழுக்கக் கேக்கக் கத்தினான். நான் சப்பாத்துக் கயிறை மூண்டு தரம் அவிட்டுக் கட்டினன். இங்கிலாந்திலை என்ரை முதல் மட்சுக்குக் கூட அப்பிடிச் செய்யேல்லை.

தொடங்கிக் கொஞ்ச நேரத்திலை எதிர்ப்பக்கத்துச் சிவப்புத் தாடிக்காரன் ஒருத்தன் பந்தோடை நேரா என்னட்டை வந்தான். நான் தோளைக் குடுத்துத் தூக்கி, சேத்துக்குள்ளை "தொம்" எண்டு போட்டன். எங்கடை பக்கம் விசிலடி. அம்மாவைப் பாத்தன். எழும்பி நிண்டுகொண்டு நெஞ்சிலை கை. ஐயோ, எழும்பிப் போகப்போறா எண்டு நினைச்சன். இடைவேளைக்கு ஓடிப்போனன். அம்மா என்னை மேலையும் கீழையும் பாத்தா.

"நீ அடி வாங்குறாய் எண்டெல்லோ பதினைஞ்சு வருசமா நித்திரை இல்லாமல் கிடந்தனான். உதிலை அடிக்கிறதே நீதானேடா!"

ரெண்டாவது பாதி இழுபறி. கடைசி நிமிசம். நாங்கள் ரெண்டு புள்ளி பின்னுக்கு. கோட்டுக்கு அங்காலை ஒருக்கால் பந்தை வைச்சால் நாலு புள்ளி, வெற்றி. ஐஞ்சாவது பிடி என்ரை. கோட்டுக்கு மூண்டு மீற்றரிலை மூண்டு பேர் என்னைப் பிடிச்சு விழுத்திச்சினம். நடுவர் "விடு" எண்டார். விட்டினம். எழும்பினன். யென்ஸ் பின்னாலை நிக்கிறான், பந்தை வைச்சுக் காலாலை தள்ளிவிட்டால் அவன் எடுத்துக்கொண்டு போய் விழுந்திடுவான், அவனை நிப்பாட்ட ஜேர்மனியிலை ஆள் இல்லை. எழும்பின வேகத்திலை என்ரை சப்பாத்து, கீழை கிடந்த சிவப்புத் தாடிக்காரன்ரை கையிலை ஏறிட்டுது. பதினைஞ்சு வருசம், எத்தினையோ ஆயிரம் தண்டால், நான் குனியேல்லை. பந்தைத்தான் பாத்தன். அப்பதான் கோட்டோரத்திலை இருந்து, எழுபது பேரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுப் பழகின அந்தக் குரல் வந்தது:

"டேய் சுதன்! ஆளின்ரை கையை உழக்கிப்போட்டாய்! தொட்டுக் கும்பிடடா!"

கை தன்ரை பாட்டிலை போயிட்டுது, நான் என்ன செய்ய? குனிஞ்சு அவன்ரை கையைத் தொட்டு ரெண்டு கண்ணிலையும் ஒத்தினன். ஒத்தினாப் பிறகுதான் தெரிஞ்சுது, ரெண்டு கையும் கண்ணிலை எண்டால் பந்து எங்கை? பந்து முன்னுக்கு உருண்டு போய்க்கொண்டு இருந்தது, கையிலை இருந்து முன்னுக்கு விழுந்தால் பிழை. விசில். முடிஞ்சுது. யென்ஸ் தலையிலை கை வைச்சுக்கொண்டு புல்லிலை இருந்திட்டான். பீற்றற்றை ரெண்டு காதும் சிவந்து போச்சு. எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது.

அம்மா குடையை யென்ஸிட்டைக் குடுத்திட்டு நேரா மைதானத்துக்குள்ளை வந்தா. சிவப்புத் தாடிக்காரன்ரை கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. ஜேர்மன் பாசையிலை "நோகுதோ?" எண்டு கேட்டு, நான் மட்சுக்கு முந்திச் சாப்பிடாமல் விட்ட என்ரை பார்சலை எடுத்து அவனுக்குக் குடுத்திட்டா. அவன் என்னட்டை விசயத்தைக் கேட்டறிஞ்சு, விழுந்து விழுந்து சிரிச்சுப்போட்டுச் சொன்னான்:

"அடுத்த வருசமும் உன்ரை அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. இண்டைக்கு எங்கடை பக்கத்திலை வடிவா விளையாடினது அவதான்."

எல்லாரும் போனாப் பிறகு கதிரையை மடக்கிக்கொண்டு ஸ்ரேசனுக்கு நடந்தம். நான் நொண்டிக்கொண்டு வாறன். "அம்மா, உங்களாலை தோத்துப்போனம், தெரியுமோ?" எண்டு கேட்டன். அம்மா கதிரையை மற்றக் கைக்கு மாத்தினா. பிறகு என்ரை கையைப் பிடிச்சா. சின்னப்பிள்ளையிலை ரோட்டுக் கடக்கப் பிடிச்ச மாதிரி, இறுக்கி.

"தோத்தது கிடக்கட்டும். நான் எண்ணிக்கொண்டு இருந்தனான், தம்பி. பத்தொம்பது தரம் உன்னைப் பிடிச்சு விழுத்தினவங்கள். பத்தொம்பது தரமும் விட்டவங்கள்."

இப்ப என்ன எண்டால், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புட்டுக்கு மாவை எடுத்து வைச்சுக்கொண்டு "நாளைக்கு மட்ச் எத்தினை மணிக்கு?" எண்டு கேக்கிற மனிசிக்கு, நான் விளையாட்டை விட்டிட்டன் எண்டு சொல்ல எனக்கு வாயும் வரேல்லை, விளையாட முழங்காலும் வரேல்லை.